விருத்தாம்பாளைக் கூப்பிட ஆளில்லை

1

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி என்று நாங்கள் நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றின் மேல் சட்னியை ஊற்றியபடி என் மகள் அறிவித்தாள்: செப்டம்பர் மாதம் பெரிய பள்ளிக்கூடத்தில் சேரும்போது அவள் பெயர் லிண்டா.

எந்த ஊர் லிண்டா என்று கேட்டேன். அப்படிக் கேட்பதில் பொருளில்லை என்று எனக்கே தெரியும். ஆனால் அப்பா என்று ஒருவன் வீட்டில் இருந்தால் ஏதாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"எந்த ஊரும் இல்ல. வெறும் லிண்டா. ஒரே மூச்சுல சொல்லிடலாம்."

அவளுக்குப் பதினோரு வயது. இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக் என்ற இந்த ஊரில்தான் பிறந்தாள். பிறந்தபோது நாங்கள் வைத்த பெயர் விருத்தாம்பாள்.

படிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போது சிரித்திருப்பீர்கள். விருத்தாசலத்துக்காரர்கள் மட்டும் சிரித்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் நாலு வீட்டுக் கதவாவது திறக்கும்.

2

பெயரின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். விருத்தம் என்றால் பழையது, மூத்தது. விருத்தாசலம் என்றால் பழைய மலை. மலை எங்கே என்று கேட்கக் கூடாது, அது பூமிக்குள் போய்விட்டது என்பார்கள். பழைய மலையில் இருக்கிற சாமி பழமலைநாதர், அம்மன் விருத்தாம்பிகை. அதாவது கிழவியம்மா. பசியோடு வந்த ஒரு சாமியார் அவளைக் கிழவி என்றே பாடிச் சோறு கேட்டாராம். கிழவியால் எப்படிச் சோறு தூக்கிக்கொண்டு வர முடியும், இளமையாகப் பாடு என்றாளாம் அம்மன். அவரும் மாற்றிப் பாட, அவள் சின்னப் பெண்ணாகச் சோற்றோடு வந்தாளாம். அதனால் அதே கோயிலில் பாலாம்பிகை என்று இளையவளுக்கும் ஒரு சன்னதி உண்டு. அம்மனுக்கே பிடிக்காத பெயரைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வைத்துவிட்டு அழகு பார்ப்பது வழக்கம்.

விருத்தாம்பிகை, விருத்தாம்பாள், விருத்தாம்பா, விருத்தம்மா என்று ஒரு கிளை. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்குப் பெரியநாயகி. கொஞ்சம் நாகரிகம் பார்ப்பவர்களுக்குப் பாலாம்பாள், பாலா, இளையநாயகி. ஆண்பிள்ளைகளுக்கு விருத்தகிரி அல்லது பழமலை. நான் பழமலை. இந்த ஊர்ப் பீங்கான் ஆலையில் கப்புக்குக் காது ஒட்டுகிற பிரிவில் வேலை. எங்கள் ஃபோர்மேன் முதல் நாளே என் பெயரைப் பால் மேலி என்று எழுதிக்கொண்டு, அயர்லாந்தில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். என் நிறத்தைப் பார்த்த பிறகும் அவருக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை.

நான் சிரித்துக்கொண்டே பால் ஆகிவிட்டேன். அதனால் மகள் லிண்டா ஆவதைத் தடுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் அந்தப் பெயர் என்னுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. அது என் அக்காவுடையது. சிக்கலே அதுதான்.

3

அக்காவைப் பெண் பார்க்க வந்தது அறுபத்திரண்டில். மாப்பிள்ளை வீடு கருவேப்பிலங்குறிச்சி, நல்ல நஞ்சை. நான் அப்போது எங்கள் ஊர்ப் பீங்கான் பயிற்சிக்கூடத்தில் ஜாடிக்கு மூடி செய்யக் கற்றுக்கொண்டிருந்தேன். என் மூடி எந்த ஜாடிக்கும் பொருந்தாது என்பது வேறு கதை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வெற்றிலையை எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைக் கனைத்தார்.

"பொண்ணு புடிச்சிருக்குது. வூடும் புடிச்சிருக்குது. பேருதான் இடிக்குது."

மாப்பிள்ளையின் அம்மா பெயரும் விருத்தாம்பாள். ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர் ஆகாது. பையன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லி அதட்டினால் பெற்ற தாயை அதட்டியதாக ஆகிவிடும்.

அப்பா சளைக்கவில்லை. "பெரியநாயகின்னு மாத்திக்கலாங்க. அதே அம்மன்தான்."

"அது மூத்த மருமவ பேரு."

"பாலாம்பாள்?"

"எங்க அத்த. உசுரோட இருக்குது. கேள்விப்பட்டா வண்டி கட்டிக்கிட்டுச் சண்டைக்கு வரும்."

"இளையநாயகி?"

"எதுத்த வூட்டுக்காரி. பேச்சுவார்த்த இல்ல."

"அப்ப விருத்தாம்பிகைன்னே முழுசா..."

"மாட்டுக்கு வால நீட்டி வுட்டா வேற மாடாயிடுங்களா?"

கோயிலில் இருந்த பெயரெல்லாம் அந்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் தீர்ந்துபோயிருந்தன. எங்கள் மாமா கையில் காலிப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே எழுத்து புடைத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "வசந்தான்னு வச்சா என்னா?" என்றார். எல்லாருக்கும் பரம திருப்தி. பத்திரிகையில் விருத்தாம்பாள் என்று போட்டு, அடைப்புக்குள் 'எ' போட்டு, வசந்தா என்று அடித்தார்கள். தாலி ஏறியதும் அடைப்புக்கு முன்னால் இருந்தது உதிர்ந்துவிட்டது. அக்கா ஒரு சோடாவின் பெயரோடு புருஷன் வீட்டுக்குப் போனாள்.

அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அறுபத்துநாலில் நான் சீமைக்குப் புறப்பட்டபோது ஜங்ஷனுக்கு வந்திருந்தாள். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஒனக்குப் பொண்ணு பொறந்தா எம் பேர வையிடா பழமல. எங்கூட்டுலதான் அதுக்கு எடமில்ல. எங்கனா ஒரு எடத்துல ஓடியாடிக்கிட்டு இருக்கட்டும்."

4

ஓடியாடியது என்னவோ உண்மை. பிறப்பைப் பதிகிற அலுவலகத்தில் இருந்த பெரியவர், பெயரைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, இது குழந்தையின் பெயரா அல்லது நாங்கள் வந்த ஊரின் விலாசமா என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் விருட்டா என்றார்கள், வெர்டி என்றார்கள், மிஸ் பால் என்றார்கள். ஒரு டீச்சர் வருகை எடுக்கும்போது அவள் பெயர் வந்ததும் இருமுவாராம். இருமல் கேட்டால் இவள் எழுந்து 'பிரசன்ட்' சொல்ல வேண்டும். ஒருமுறை அந்த அம்மாவுக்கு உண்மையாகவே சளிப் பிடித்து, இவள் காலையெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அதுக்குத்தான் லிண்டா" என்றாள்.

என் மனைவி தேன்மொழி மகள் கட்சி. "ஒங்க அக்காவுக்கு வாக்குக் குடுத்தது நீங்க. இரும வேண்டியது டீச்சரு. எழுந்து நிக்க வேண்டியது எம் பொண்ணு. என்னா நியாயங்க இது?"

"பேரு வச்சப்ப நீயும்தான தலைய ஆட்டுன?"

"பெத்துப் போட்டு மயக்கத்துல கெடந்தேன். ஆடுனது தலையா கட்டிலான்னு யாருக்குத் தெரியும்?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். பதின்மூன்று வருஷம் கழித்து அந்தக் கோடையில்தான் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தோம். போய்விட்டு வரும்வரை விருத்தாம்பாள். திரும்பியதும் அவள் இஷ்டம். அக்காவிடம் விஷயத்தை நான் நேரில் பக்குவமாகச் சொல்லிவிடுவதாக ஏற்றுக்கொண்டேன். மெட்ராஸில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நன்றாக வந்தது. விழுப்புரம் தாண்டும்போது பாதி மறந்துவிட்டது. விருத்தாசலத்தில் இறங்கி பஸ் பிடித்துக் கருவேப்பிலங்குறிச்சி வாசலில் நின்றபோது, "அக்கா, இளைச்சிட்ட" என்பது மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவள் இளைக்கவும் இல்லை.

5

அக்காவின் மாமியார் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். கண் கொஞ்சம் மங்கல், காது படு கூர்மை. அக்காவின் புருஷன் வயலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று ஓடியது. சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்றால் அவள் கறிக்குழம்பு வைப்பாள். கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்ல எனக்கு மனசு வராது. மறுநாள் மீன் குழம்பு.

அன்றைக்கு அக்கா அடுப்படியில் இருந்தாள். சும்மா இருக்கிறானே என்று என்னை உட்கார வைத்துச் சின்ன வெங்காயம் உரிக்கச் சொல்லியிருந்தாள். நான் ஒன்றை உரிப்பதற்குள் தேன்மொழி ஒரு கைப்பிடி உரித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

என் மகள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அத்த, நீங்க ஏன் என்னப் பேரு சொல்லிக் கூப்புடறதே இல்ல?"

அக்கா சிரித்தாள். "கண்ணுங்கறேன், சீமக்காரிங்கறேன். பத்தலியா?"

"அது பேரு இல்ல. இது ஒங்க பேருன்னுதான் எனக்கு வச்சாங்களாம். ஆசையா இருந்தா கூப்புடணுமில்ல?"

அக்கா கரண்டியால் கூடத்தைக் காட்டி, குரலைத் தணித்தாள். "அவங்க பேருடி அது. மாமியாரு பேர நான் எப்புடிச் சொல்றது? வாயில வராது."

"மாமா?"

"பெத்த அம்மா பேர வச்சு ஒன்ன வாடி போடிம்பாரா?"

என் மகள் யோசித்தாள். பிறகு தன் கணக்கை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பாவும் கூப்புட மாட்டாரு. பாப்பாம்பாரு. அம்மா அம்முலும்பாங்க. ஏம்ப்பா?"

என் கையில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. கண் கலங்குவதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. கூடப்பிறந்த மூத்தவளின் பெயரைச் சொல்லி "வாடி" என்று எப்படிக் கூப்பிடுவது? ஒருமுறைகூட முயன்றதில்லை. தேன்மொழிக்கு அது நாத்தனார் பெயர். அவளும் முயன்றதில்லை. ஆசை ஆசையாகப் பெயரை வைத்துவிட்டு, அதைக் கூப்பிடுகிற வேலையை முழுசாக வெள்ளைக்காரர்களிடம் ஒப்படைத்திருந்தோம். அவர்கள் இருமினார்கள்.

"வூட்ல யாரும் கூப்புடறதில்ல. ஸ்கூல்ல தப்பா கூப்புடறாங்க. அத நான் எதுக்கு அத்த வச்சிருக்கணும்? நான் செப்டம்பர்லேர்ந்து லிண்டா. ஒங்க பேர ஒங்களுக்கே திருப்பிக் குடுத்துடறேன். எடுத்துக்குங்க."

கெட்ட எண்ணம் துளியும் இல்லை. வாங்கிய பொருள் உபயோகப்படவில்லை என்றால் உடையவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். கொடுக்கிற மாதிரி கையைக்கூட நீட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

"திருப்பிக் குடுக்கறதுக்கு அது என்னா எரவல் வாங்குன மொறமாடி?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. "வச்சுக்க எனக்கு எடமிருந்தா ஒனக்கு ஏன் குடுக்கறேன்?"

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவளும் உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

6

"அங்க என்னாடி, எம் பேர வச்சு ஏலம் வுட்றீங்க?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். அக்கா சட்டென்று முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒண்ணுமில்லிங்க அத்த, கொழந்த ஏதோ..."

கொழந்த விடவில்லை. "ஆயா, ஒங்கள யாரு பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?"

"என்னியா?"

"ஆமா."

அந்த அம்மாள் நிஜமாகவே யோசித்தார். "எங்கப்பன் கூப்புட்டாரு. எங்கண்ணன் கூப்புட்டான். ரெண்டு பேரும் போயிட்டாங்க. கட்டுனவரு கடைசி வரிக்கும் 'இந்தா'ன்னாரு. அப்பறம்..." முகம் மலர்ந்தது. "ரேஷன் கடையில கூப்புடறான். விருத்தாம்பா, சக்கர இல்லம்பான்."

தேன்மொழிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் எங்களால் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்கத்தையோட பேர நீங்க ஏன் மாத்தச் சொன்னீங்க?" என்றாள் என் மகள். சீமையில் பிறந்ததில் ஒரு சௌகரியம், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது.

"நானா? நான் எங்க மாத்தச் சொன்னேன்? பொண்ணு பாக்கப் போனவன்லாம் போயிப் பேசிட்டு வந்தான். நான் இங்க அடுப்புகிட்ட கெடந்தேன். வந்து, மருமவ பேரு வசந்தான்னானுவ. ஒரு வார்த்த என்னக் கேட்டானுவளா?" என்றவர், மங்கலான கண்ணால் அக்கா இருந்த திசையைப் பார்த்தார். "இவ வாயால சொல்லக் கூடாது. சரி. எம் புள்ள சொல்லக் கூடாது. அதுவும் சரி. எம் பேர நான் சொல்லக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

யாரும் சொல்லவில்லை. அது உண்மை. இத்தனை வருஷமாக அக்காவை அவள் பெயரால் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாமியார் பெயர் என்று எல்லாரும் ஒதுங்கினோமே தவிர, மாமியாரே கூப்பிடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கூடம் அதிர ஒரு குரல்.

"அடியே விருத்தாம்பா! தண்ணி கொண்டாடி!"

"வர்றேன்!" என்று என் மகள் ஓடினாள்.

"சின்னவ இல்ல. பெரியவ வரணும்."

அக்கா அசையவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் திரும்பி வந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "அத்த, ஒங்களத்தான்" என்றாள்.

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போனாள் என் அக்கா. போகிற வழியில் பாதியைக் கொட்டிவிட்டாள். கட்டில் பக்கத்தில் போய் நின்று அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மாமியார் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

"இதுக்கு எதுக்குடி அழுவற? தண்ணி கேட்டேன், அவ்ளோதான?"

மீதி நாட்களில் அந்த அம்மாளுக்குத் தாகம் எடுத்தது போல நான் யாருக்கும் பார்த்ததில்லை. விருத்தாம்பா தண்ணி, விருத்தாம்பா பாக்கு, விருத்தாம்பா மழ வருதா பாருடி. வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அக்கா ஓடி ஓடி மூச்சு வாங்கினாள். "வசந்தாவா இருந்தப்ப செத்த உக்காந்தாவது எழுந்தேன்" என்று என்னிடம் முறையிட்டாள். முறையிடுகிறவள் முகமா அது?

7

திரும்பி வருகிற விமானத்தில் மகள் புது நிபந்தனை போட்டாள். வீட்டில் கூப்பிட்டால் பெயரை வைத்துக்கொள்கிறாளாம். கூப்பிடாவிட்டால் லிண்டாதான். பழையதை அத்தையிடம் கொடுத்தாயிற்று, பாக்கி எதுவும் இல்லை.

தேன்மொழிக்கு இரண்டு நாள்தான் பிடித்தது. மூன்றாம் நாள் காலை மாடியைப் பார்த்து, "அடி விருத்தாம்பா, எழுந்திரிடி சோம்பேறி!" என்று ஒரு சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அன்று முழுக்கக் காரணம் தேடித் தேடித் திட்டினாள்.

"என்னா இவ்ளோ குஷி?" என்றேன்.

"நாத்தனாரப் பேரு சொல்லித் திட்டற பாக்கியம் எத்தன பேருக்குங்க கெடைக்கும்?"

எனக்குத்தான் வரவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், வந்தது. வெளியே வந்து அவளைப் பார்த்ததும் பாப்பா என்றேன். அவள் விரலை மடக்கி ஏதோ கணக்கு வைத்துக்கொண்டாள். ஆகஸ்டு தீர்ந்தது.

பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் அழைத்துப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் அன்பானவர். காகிதத்தில் இருந்த பெயரை உதட்டை அசைத்துப் படிக்கப் பார்த்து, பாதியில் இறங்கிவிட்டார். மகளைப் பார்த்து, "உன்னை வீட்டில் எப்படியம்மா கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார்.

லிண்டா என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பாவக் கேளுங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தபடி அக்காவின் பெயரைச் சொல்ல உடம்பு ஒப்பவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தவில்லை.

"விருத்தாம்பாள்" என்றேன்.

"சத்தமா சொல்லுங்கப்பா. அவங்களுக்குக் கேக்கல."

இரண்டாவது முறை சொன்னது வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது. அந்த அம்மாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தப்பாகத்தான் வந்தது. ஆனால் இருமவில்லை. மகள் பொறுமையாக இன்னொரு முறை சொல்லிக் கொடுத்தாள். பிறகு இன்னொரு முறை.

வெளியே வந்ததும் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். ரோடு காலியாக இருந்தது, அவளுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"விருத்தாம்பா!"

நின்று திரும்பினாள். "என்னா?" என்றாள், அசல் கருவேப்பிலங்குறிச்சி இழுவையில்.

"ஒண்ணுமில்ல, போ" என்றேன்.